தாயைப் பார்த்துக் குட்டியை எடு

இலங்கைப் பொலிஸின் மோப்ப நாய்ப் பிரிவுக்குத் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. 1948இல் தொடங்கிய பிரிவு. தடம் பிடிப்பது, வெடிபொருள் தேடுவது, பயணப் பைக்குள் ஒளிந்திருக்கும் போதைப்பொருளைக் காட்டிக்கொடுப்பது என்று அதன் நாய்கள் நாடெங்கும் வேலை பார்க்கின்றன. இத்தனை வேலை பார்த்தும் அவை உலகச் செய்தியில் அடிபட்டது ஒரு கல்யாணத்தால். 2010இல் ஒன்பது சோடி மோப்ப நாய்களுக்குப் பொலிஸார் கண்டியில் திருமணம் செய்துவைத்தார்கள். சிங்கள முறைப்படி போருவ மேடை, மணமக்களுக்கு உடுப்பு, முடிந்ததும் தேனிலவுக்கு நுவரெலியா. படங்கள் உலகம் சுற்றின. மரபுச் சடங்கைக் கேலியாக்கிவிட்டார்கள் என்று அப்போதைய கலாசார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி கண்டித்தார். பொலிஸ் மன்னிப்புக் கேட்டது.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தக் கூத்துக்குப் பின்னால் நியாயமான கவலை ஒன்று இருந்தது. வேலைக்கேற்ற நாய்களை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுபடியாகவில்லை, இங்கேயே இனவிருத்தி செய்தால் என்ன என்பதுதான் பொலிஸ் சொன்ன காரணம். அம்பிட்டியவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் வீட்டோடு ஒன்றிரண்டு பெட்டை நாய்களை வைத்துச் சாதிக்குட்டி எடுக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். நல்ல குட்டியை இந்தத் தீவிலேயே உருவாக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு வேண்டிய பொறுமை நம்மில் பலருக்கு இல்லை. விற்கிறவருக்கு மட்டுமில்லை, வாங்குகிறவருக்கும்தான்.

அந்தப் படங்களில் என்னை உறுத்தியது முகூர்த்தம். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். வந்தாலும் கடுவனைக் கிட்ட விடுவது அதில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒன்பது மணப்பெண்களும் ஒரே சுபவேளையில் பருவத்தில் இருந்திருந்தால், அந்தச் சோதிடருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டமே கொடுக்கலாம்.

நம் ஊர் வழக்கம் நாள் எண்ணுவது. இரத்தம் படத் தொடங்கிய நாளை ஒன்றாக வைத்து, ஒன்பதாம் நாளும் பதினோராம் நாளும் கடுவன் இருக்கும் வீட்டுக்கு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சில பெட்டைகளுக்கு அது சரியாக அமையும். ஆனால் கருமுட்டை வெளிவருவது ஒரு நாய்க்கு முதல் வாரத்திலேயே நடக்கும், இன்னொன்றுக்கு மூன்றாம் வாரம் தாண்டும். நாளைத் தவறவிட்டவர்கள் “இது மலடு” என்று பெட்டையின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் புரொஜெஸ்டரோன் அளவைப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒரு மில்லிலீட்டரில் 5 நானோகிராம் அளவைத் தொடும்போது முட்டை வெளிவருகிறது; அது முதிர்ந்து கருப்பிடிக்கத் தயாராக மேலும் இரண்டு நாள். முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் குட்டி போடும் நாளும் தெரிந்துவிடும். 63ஆம் நாள், ஒரு நாள் முன்பின். அந்த இரவில் மிருக வைத்தியர் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பருவ காலத்தில் கேற்றை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டியின் எந்தச் சந்தியில் நிற்கும் நாய்க் கூட்டமும் சொல்லும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மாருக்குக் குட்டி பிறக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதைவிடக் கொடியது, சேர்க்கையின்போது நாயிலிருந்து நாய்க்கு உயிரணுவாகவே தொற்றும் ஒருவகைப் புற்றுநோய். தெரு நாய்கள் நிறைந்த நாடுகளில் மிருக வைத்தியர்கள் அடிக்கடி காணும் நோய் அது. ஆகவே கடுவனை வாடகைக்குக் கொடுப்பவர் உங்கள் பெட்டையைச் சோதிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதிக்காமல் சேர்க்கிறவரைக் கண்டால்தான் ஒதுங்க வேண்டும்.

தீவுக்குள் சுற்றும் இரத்தம்

இந்த மலைநாட்டுக்குச் சாதி நாய்கள் கப்பலேறி வந்தவை. நுவரெலியாவில் குடியேற 1848இல் வந்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்க் கூட்டம் ஒன்றையே கொண்டுவந்தார். அசல் ஃபொக்ஸ்ஹவுண்ட் நம் மலைச் சரிவுக்கும் மரை வேட்டைக்கும் சரிப்படவில்லை என்று கண்டு வேறு இனங்களோடு கலந்து வளர்த்தார். பிறகு தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் டெரியரும் ஸ்பானியலும் அல்சேஷனும் நிறைந்தன. இன்றைக்கும் கதை அதுவேதான். யாரோ ஒருவர் பெருஞ்செலவில் ஒரு ஜேர்மன் ஷெப்பர்டையோ ரொட்வைலரையோ இறக்குமதி செய்கிறார். அது கண்காட்சியில் கிண்ணம் வாங்குகிறது. உடனே நாட்டில் உள்ள பெட்டைகளெல்லாம் அந்த ஒரே கடுவனைத் தேடிப் போகின்றன.

முதல் தலைமுறையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சிக்கல் மூன்றாம் தலைமுறையில். கண்டியில் ஒருவர் வைத்திருக்கும் பெட்டையும் குருணாகலில் இன்னொருவர் வைத்திருக்கும் கடுவனும் அந்தச் சாம்பியனின் பேரப்பிள்ளைகள். இரண்டு வீட்டாருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நாய்கள் இரத்த உறவு. கணக்கு எளிது. தகப்பன் மகளைச் சேர்த்தால், அல்லது கூடப்பிறந்த சோடியைச் சேர்த்தால், உட்கலப்பு 25 சதவீதம். தகப்பன் மட்டும் ஒன்றான சோடிக்கு 12.5. ஒன்றுவிட்ட சகோதர உறவுக்கு 6.25. இந்த எண் ஏற ஏறக் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், நோய்க்கு ஈடுகொடுக்கும் பலம் குறையும், இரு பக்கமும் ஒளிந்திருந்த குறை ஒன்றாகச் சேர்ந்து வெளியே வரும்.

தீவில் நாயினம் ஒடுங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நோர்வே நாட்டின் லுண்டஹுண்ட் பாடம். பஃபின் பறவை பிடிக்கப் பழகிய, காலில் ஆறு விரல் உள்ள சிறு நாய். வேரேய் என்ற தீவில் டிஸ்டெம்பர் நோய் பரவிக் கூட்டத்தை அழித்தது. 1963 அளவில் மிஞ்சியவை ஆறு நாய்கள். அவற்றில் ஐந்து ஒரே தாயின் பிள்ளைகள். இன்று உலகில் உள்ள லுண்டஹுண்ட் எல்லாம் அந்த ஆறின் வழி வந்தவை. அந்த இனத்தின் தலையில் எழுதிய நோய் குடல் அழற்சி. மற்ற இனங்களோடு கலந்து அதை மீட்கும் முயற்சி இப்போது நடக்கிறது.

பிரித்தானியாவின் கென்னல் கிளப் 1873இல் தொடங்கிய பழம்பெரும் அமைப்பு. அதுகூட தாய்-மகன், தகப்பன்-மகள், உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிய மறுக்கத் தொடங்கியது 2009இல்தான். முந்திய ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் சாதி நாய்களின் நோய்களைப் பட்டவர்த்தனமாகக் காட்டிய பிறகு. நூற்றுச் சொச்சம் ஆண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக மாறினார்கள் என்பதை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டே பெட்டைகளை வைத்திருப்பவர் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பெரிய கென்னல்காரரைவிட அவருக்கே இது சுலபம் என்பது என் எண்ணம். பெரியவரிடம் சொந்தக் கடுவன் இருக்கும்; சும்மா படுத்திருக்கும் கடுவனைப் பயன்படுத்தத்தான் கை போகும். சிறியவர் எப்படியும் வெளியில்தான் தேட வேண்டும். அந்தத் தேடலை ஐந்து தலைமுறைப் பெயர்களைப் படித்துவிட்டுச் செய்தால் போதும். பக்கத்துத் தெருவில் இருப்பதைவிட யாழ்ப்பாணத்திலோ காலியிலோ இருப்பது நல்ல பொருத்தமாக இருக்கலாம். பெட்ரோல் செலவு இருக்கத்தான் செய்யும்.

காகிதம் சொல்லாதது

கென்னல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்கா வம்சப் பதிவுகளை வைத்திருக்கிறது. பதிந்த குட்டிக்குக் காகிதம் கிடைக்கும். “பேப்பரோட வேணுமா, பேப்பர் இல்லாமலா?” என்று விலையை இரண்டாகச் சொல்கிறவர்கள் உண்டு. காகிதம் முக்கியம், ஐயமில்லை. அது இல்லாமல் மேலே சொன்ன உறவுக் கணக்கைப் போடவே முடியாது. ஆனால் அது சொல்வது யாருக்கு யார் பிறந்தது என்பதை மட்டும். இடுப்பு நல்லதா, கண் நல்லதா, இதயம் நல்லதா என்பதை அது சொல்லாது.

இடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் ஷெப்பர்ட், லெப்ரடோர், ரொட்வைலர் போன்ற பெரிய நாய்களில் தொடை எலும்பின் உருண்டை இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை பரவலானது. பரம்பரையாக வருவது, ஒரே மரபணுவால் அல்ல, பலவற்றால். குட்டியாக ஓடியாடும்போது ஒன்றும் தெரியாது. ஐந்தாறு வயதில் படியேற முடியாமல் நிற்கும்போது தெரியும். கண்டியில் படியில்லாத வீடு ஏது? பெற்றோரை மயக்கி, பின்னங்கால்களை நீட்டிப் படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரே படத்தில் இது முன்பே தெரிந்துவிடும். சர்வதேசச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. A முதல் E வரை தரம் பிரிக்கிறது. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு 24 மாதம் நிறையாமல் இறுதிச் சான்று தருவதில்லை. அதாவது இரண்டு வயதுக்கு முன் குட்டி எடுக்கப்பட்ட லெப்ரடோருக்கு இடுப்பு நல்லது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

நாட்டுக்கே மிருக வைத்தியர்களை உருவாக்கித் தரும் பீடமும் அதன் வைத்தியசாலையும் பேராதனையில், கண்டி நகரத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. இந்த வசதி கொழும்புக்குக்கூட இல்லை. இருந்தும் நம்மில் பலர் நாய்க்கு எக்ஸ்-ரே என்றால் கால் முறிந்தால் மட்டும்தான் என்று நினைக்கிறோம்.

அம்பிட்டியவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். சரிவில் கட்டிய வீடு; கீழ்த்தளத்தில் ஒரு அறை முழுக்க நாய்களுக்கு. மூலையில் ஒட்டுப்பலகையில் அடித்த ஈற்றுப் பெட்டி. அதன் நான்கு பக்கச் சுவரிலும் உள்ளே, நிலத்திலிருந்து நாலு அங்குல உயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடுகிறது. தாய் சுவரோடு சாயும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ள அந்த இடைவெளி. பெட்டிக்குள் எட்டு லெப்ரடோர் குட்டிகள். கழுத்தில் ஆளுக்கொரு நிறக் கம்பளி நூல். சமையலறைத் தராசு ஒன்று மேசையில். காலையும் மாலையும் நிறுத்து ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதியிருந்தார்: சிவப்பு 410, பச்சை 395, மஞ்சள் 340. மஞ்சளுக்கு நேரே சிறு கேள்விக்குறி. பிறந்து பத்து நாளுக்குள் குட்டி பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் முலைக்காம்பில் பிடித்துவிட வேண்டும், இரண்டாம் நாளும் நின்றால் டொக்டருக்கு அழைக்க வேண்டும்.

முதல் வாரம் குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டிக்குள் 30 பாகை அளவு வெப்பம் வேண்டும். கண்டியின் தை மாதக் குளிரில் அது தானாக வராது. மின்குமிழ் தொங்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களிலும் இந்தப் பெட்டியில் ஓர் ஈற்று இருந்ததாம். சுடுநீரைப் போத்தலில் ஊற்றித் துணி சுற்றி, இரண்டு மணிக்கொருமுறை மாற்றியிருக்கிறார். வெந்நீர் வைக்க எரிவாயுவும் கிடைக்காத காலம் அது. விறகடுப்பு.

நான் இருந்தபோதே கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள்.

“என்ன விலை டீச்சர்?”

“விலையை அப்புறம் பேசுவோம் தம்பி. வீடு சொந்தமா, வாடகையா?”

“வாடகை. மேல் மாடி.”

“பகல்ல வீட்டுல யாரு?”

“ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஆறு மணிக்கு வந்துருவோம்.”

“வீட்டுக்காரருக்கு நாய் வர்றது தெரியுமா?”

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். டீச்சர் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், குட்டி மட்டும் கொடுக்கவில்லை. “சொந்த வீடு கட்டிட்டு வாங்க, இல்லாட்டி அம்மாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கங்க. அப்ப இருக்குற குட்டியில உங்களுக்குத்தான் முதல்” என்றார். அவர்கள் முகம் சுண்டிப் போனார்கள். அன்று மாலையே வேறெங்காவது ஒரு குட்டி வாங்கியிருக்கவும் கூடும். கேள்வி கேட்காமல் விற்கிறவருக்கா இங்கே பஞ்சம்?

போகும்போதுதான் சோபாவில் கிடந்த நாயைக் கவனித்தேன். தேன் நிறம், அகன்ற தலை, குட்டிகளின் தாயைவிட எடுப்பு. “அழகுக்கு இவதான்” என்றார் டீச்சர். “கப் ரெண்டு வாங்கினவ. ரெண்டு வயசுல படம் எடுத்தோம், இடுப்பு சரியில்ல. குட்டி போடாம ஆபரேஷன் பண்ணிட்டேன். குட்டி கேட்டு எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா?”

சிறு அளவில் இனவிருத்தி செய்கிறவரின் தரத்தை நான் இப்போது இப்படித்தான் அளக்கிறேன். எத்தனை குட்டி விற்றார் என்று கேட்பதில்லை. எந்த நாயிடம் குட்டி எடுக்காமல் விட்டார் என்று கேட்கிறேன். பதில் உடனே வந்தால் நல்ல வீடு. “எங்ககிட்ட எல்லாமே ஏ-வன்” என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இதில் பணம் பார்க்க முடியுமா என்பது தனிக் கேள்வி. எக்ஸ்-ரே, புரொஜெஸ்டரோன் சோதனை, கடுவன்காரருக்குக் கூலியாக ஒரு குட்டியோ அதன் விலையோ, தாய்க்கு நல்ல தீனி, எட்டுக் குட்டிக்கும் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும், நள்ளிரவில் வயிறு கிழிக்க வேண்டி வந்தால் அதன் செலவு. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். கொள்ளை லாபம் பார்க்கிறவர் இவற்றில் எதையோ வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கூடவே பெரும்பாலும் வெட்டுவது, ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையில் தாய்க்குத் தர வேண்டிய ஓய்வை.

எட்டு வாரம்

நம்மூரில் குட்டி ஐந்து, ஆறு வாரத்திலேயே கைமாறுகிறது. அந்த வயதில் பால் மறக்கிறது, தீனிச் செலவு தொடங்குகிறது, ஒரே அறையில் எட்டும் சேர்ந்து கழிப்பதை அள்ளி முடியவில்லை. வாங்குகிறவருக்கும் பஞ்சுப் பொதி போல இருக்கும் அந்த வயதுதான் பிடிக்கிறது. ஆனால் கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்த, தான் விட்டுவிட்டு, கடியின் அழுத்தத்தை அளக்கப் பழகுவது எட்டு வாரம் நிறைய முந்திய அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான். அதைத் தவறவிட்ட குட்டி பிறகு உங்கள் பிள்ளையின் கையில் பழகும்.

நாயின் குழந்தைப் பருவத்தைப் பொறுமையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவர். அவர்களுடைய நூல் 1965இல் வந்தது. மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதற்குள் எதைக் கண்டு பழகுகிறதோ அதை நாய் தன் உலகமாக ஏற்கிறது என்பது அங்கிருந்து வந்த அறிவு. அதே இடத்தில் நடந்த ஒரு சோதனையில், மனிதத் தொடர்பே இல்லாமல் பதினான்கு வாரம் வேலியிட்ட வயலில் வளர்ந்த குட்டிகள் அதன்பிறகு மனிதரோடு ஒட்டவேயில்லை.

ஆகவே குட்டி எங்கே வளர்ந்தது என்பது அதன் நிறத்தைவிட நூறு மடங்கு முக்கியம். பின்புறக் கூண்டில் வளர்ந்ததா, ஆள் நடமாடும் அறையில் வளர்ந்ததா? கிரைண்டர் ஓடும் சத்தம், மழை தகரத்தில் விழும் சத்தம், சாரம் கட்டிய ஆள், சேலை கட்டிய ஆள், தொப்பி போட்ட ஆள், சின்னப்பிள்ளை எல்லாவற்றையும் அது கண்டிருக்கிறதா? சித்திரைப் புத்தாண்டுப் பட்டாசும் எசல பெரஹராவின் பீரங்கி வெடியும் கசையடிச் சத்தமும் கேட்கும் நகரம் இது. அம்பிட்டிய டீச்சர் நான்காம் வாரத்திலிருந்து கைபேசியில் பட்டாசுச் சத்தத்தை மெல்லப் போட்டு, நாளுக்கு நாள் கூட்டி, குட்டிகளுக்குச் சோறு வைக்கிறார். இதைவிட மலிவான பயிற்சியை நான் கண்டதில்லை.

ஏழாம் வாரத்தில் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, பந்தை உருட்டி, குணத்தைச் சோதிக்கும் முறைகள் பிரபலம். அவை எதிர்காலத்தைச் சொல்வது குறைவுதான். தாயின் குணம் அதைவிட நிறையச் சொல்லும். அந்நியர் வந்தால் குலைத்துவிட்டு, எசமானின் சொல்லைக் கேட்டு வாலாட்டி வரும் தாயா, மூலைக்குப் போய் நடுங்கும் தாயா, சங்கிலியோடு பாயும் தாயா? “தாய் இங்க இல்ல, தங்கச்சி வீட்டுல இருக்கு” என்ற பதில் வந்தால் தங்கச்சி வீட்டுக்கே போங்கள். தகப்பன் அங்கே இல்லாதது குறையே இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால்தான் உறவுக் கணக்கை ஒருமுறை கூடுதலாகக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவின் 2017 விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கவும், பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையிடம் குட்டி எடுக்கவும் தடை விதிக்கின்றன. நாம் பல தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைக் கட்டளைச் சட்டம். அதன் அபராதம் நூறு ரூபா என்பது பழைய நகைச்சுவை.

எந்த இனம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பட்டியல் இல்லை, ஒரு எரிச்சல் மட்டும் உண்டு. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைக் கண்டியின் ஏப்ரல் வெக்கையில் கட்டி வைப்பதும், மூக்கே இல்லாத பக், ஃபிரெஞ்சு புல்டொக் குட்டிகளைப் படத்துக்காக வாங்குவதும் நாய்க்குச் செய்யும் நன்மையல்ல. புல்டொக் இனங்களில் பிரித்தானியாவில் பத்து ஈற்றில் எட்டுக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுக்கிறார்கள். தானாக மூச்சு விடவும் தானாகக் குட்டி போடவும் முடியாத ஓர் உருவத்தை மனிதன் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

தெருவெல்லாம் குட்டி கிடக்கும்போது காசு கொடுத்துச் சாதிக்குட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கேள்வி நியாயமானது. விகாரை வாசலிலும் சந்தைக்குப் பின்னாலும் உரப்பையில் கட்டிப் போட்ட குட்டிகளைக் கண்டி தினமும் காண்கிறது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டத்தின் பேரில் நாய்களைப் பிடித்துக் கொன்ற வழக்கத்தை அரசு 2006இல் நிறுத்தியது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. விலங்கு நலத்தின் மூலம் சமூகத்தைக் காப்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் கண்டிச் சங்கம் போன்ற தொண்டர் அமைப்புகள் அதைச் செய்துவருகின்றன. காவலுக்கும் துணைக்கும் மட்டும் நாய் வேண்டுமென்றால் ஊர்க்குட்டி ஒன்றை எடுங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் அதற்கு ஈடில்லை. குறிப்பிட்ட வேலைக்கோ, குறிப்பிட்ட குணத்துக்கோ, அளவுக்கோ ஒரு இனம் வேண்டுமென்றால்தான் டீச்சர் போன்றவரிடம் போக வேண்டும். 2022 நெருக்கடியில் தீனி விலை ஏறியபோது தெருவில் விடப்பட்டவற்றில் சாதி நாய்களும் இருந்தன. வாழ்நாள் முழுக்க, எந்தக் காரணத்துக்காகவும், நாயைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் வாங்குங்கள் என்பது அதனால்தான்.

குட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. வயிறு மட்டும் உப்பி விலா தெரிந்தால் பூச்சி. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும், நம் பிள்ளைகளுக்கும் வரும், எனவே இரண்டாம் வாரத்திலிருந்தே மருந்து கொடுத்தாரா என்று கேளுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்; இங்கே பரவலான உண்ணிக் காய்ச்சலில் ஒருவகை தாயிடமிருந்து கருவிலேயே தொற்றக்கூடியது. தொப்புளில் கட்டி உண்டா, கடுவனுக்கு இரண்டு விதையும் இறங்கியதா, கண்ணில் பீளை உண்டா என்று பாருங்கள். மிச்சத்தை மூன்று நாளுக்குள் உங்கள் சொந்த மிருக வைத்தியர் பார்க்கட்டும். குறை கண்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு வாரம், அங்கே என்ன சாப்பிட்டதோ அதுவே. பிறகு மெல்ல மாற்றலாம். பார்வோ, டிஸ்டெம்பர், மஹாவலிக் கரை ஊர்களில் எலிக்காய்ச்சல் என்று தடுப்பூசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் போகும். கடைசித் தவணை பதினாறு வாரம் நிறைந்த பிறகே விழ வேண்டும். அதற்கு முன் தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அதுவரை கண்டி வாவிக் கரைக்குக் கொண்டுபோங்கள், பஸ் நிலையச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள், மனிதர்களைக் காட்டுங்கள். ஆனால் தரையில் மட்டும் இறக்காதீர்கள். தோளில் ஒரு துணிப்பை போதும். குட்டி கனக்கத் தொடங்கும்போது ஊசியும் முடிந்திருக்கும்.